தரவை எத்தனையாம் பிள்ளை?

முன்னுரிமை என்ற சொல்லைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்கு இடது கண் துடிக்கிறது. வைத்தியரிடம் காட்டினேன். நித்திரை குறைவு என்றார். நித்திரை குறைவில்லை, கொமிட்டி கூடிப்போச்சு என்றேன். அதற்குத் தன்னிடம் மருந்தில்லை என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பாக்கு நீரிணையின் இரண்டு கரைகளிலும் உள்ள ஈரநிலங்களில் எதை முதலில் காப்பாற்றுவது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது, எதை மனவருத்தத்துடன் கைகழுவி விடுவது என்று முடிவுசெய்யப் பன்னாட்டு ஆய்வாளர்கள் கூடி ஒரு குழு அமைத்திருந்தார்கள். தலைவி வட ஐரோப்பாவில் ஒரு பேராசிரியை. புல்வெளிகளுக்கு ஒருவர், உவர்ச்சேற்று நிலங்களுக்கு ஒருவர், குளங்களுக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு கண்டத்தில் இருந்தார்கள். உள்ளூர் நிபுணர் நான்.

நிபுணத்துவம் என்று பார்த்தால் என்னிடம் ஒரு பைனாகுலர் இருக்கிறது. கனடாவிலிருந்து வந்த மைத்துனர் மறந்து விட்டுவிட்டுப் போனது. கோப்பாயில் இருந்துகொண்டு உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பிக்கிறவன் நான். தவளையின் வயிற்றைத் திறந்து காட்டுவதற்கும் உலகளாவிய பாதுகாப்புக் கொள்கைக்கும் எவ்வளவு தூரம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு மாரியும் வீட்டுக்குக் கிழக்கே வந்து இறங்கும் பறவைகளை எண்ணி, யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற துணிவில் ஓர் இணையத்தளத்தில் பதிந்துவந்தேன். யாரோ பார்த்துவிட்டார்கள்.

கூட்டம் அவர்களுக்குக் காலை. எங்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரம். மின்விசிறி இரைகிறது, நிறுத்துங்கள் என்பார்கள். மேலே சேட்டு, கீழே சாரம் என்ற கோலத்தில் வியர்த்து வடிந்துகொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பேன். கோயிலில் திருவிழாக் காலமென்றால் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் வந்துவிடும். பேராசிரியை ஒருநாள் மிகுந்த ஆவலுடன், அது என்ன பறவை என்று கேட்டார்.

என் மனைவி மெதடிஸ்தக் குடும்பத்துப் பிள்ளை. எதுவும் நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிய வேண்டும். அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வாள்:

"உவையள் ஒரு ஜெபத்தோடை தொடங்கி ஒரு ஜெபத்தோடை முடிச்சால் என்ன? அப்பத்தானே முடிஞ்சுது எண்டு தெரியும்."

"ஜெபிக்கிறது நான் மட்டுந்தான்," என்பேன்.

இத்தனை சீரழிவுக்கும் நான் ஏன் உட்பட்டேன் என்றால், தரவைக்காக.

எங்கள் ஒழுங்கையின் கிழக்குத் தொங்கலில் வீடுகள் முடிய, தரவை தொடங்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கடல்நீரேரியை அண்டிக் கிடக்கும் பெருவெளிதான் தரவை. மாரியில் அது குளம் மாதிரி நிறைந்து நிற்கும். தையில் வற்றிச் சேறாகும்; உள்ளானும் ஊசிவால் வாத்தும் வந்து சேற்றைக் கிளறும், வாய்ப்பிருந்தால் பூநாரை நிற்கும். பங்குனியில் புல், மாடு. ஆடியில் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று கிடக்கும். அப்போது பார்த்தால் யாருக்கும் ஒன்றுக்கும் உதவாத நிலம் என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றிய யாரோ ஒருவர், வடக்கு மூலையில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரவத் தொடங்கியிருந்தார். லொறிகள் வந்தபடி இருந்தன.

ஒழுங்கைத் தொங்கல் வீடு அண்ணையுடையது. சொந்த அண்ணன் அல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர், என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணை. வளவுக்குள்ளே வெங்காயம் வைக்கிறவர். மூலையை நிரவிய பிறகு வந்த முதல் மாரியில், தரவையில் போய் நிற்க வேண்டிய வெள்ளம் அவருடைய வளவுக்குள் வந்து நின்றது. வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, உப்புக் கரித்தது. சவர். வெங்காயம் நுனி கருகிச் செத்தது. மிச்சத் தரவையும் நிரவப்பட்டால் அவருடைய கிணறு திரும்பி வராது. அதற்கு அடுத்தது எங்கள் கிணறு.

இருவரும் போய்ச் சம்பந்தப்பட்ட அதிகாரியைக் கண்டோம். நல்ல மனிதர், களைத்துப்போனவர்.

"சேர், கிணறு சவர் எண்டு நான் எழுதினால் ஆர் வாசிக்கிறான்? எல்லாற்றை கிணறும் சவர்தான். உங்கடை வெளிநாட்டுப் பறவைக் கொமிட்டி, இது முக்கியமான இடம் எண்டு ஒரு கடதாசி தரட்டும். அதைக் காட்டி நான் லொறியை மறிக்கிறன்."

அன்றிலிருந்து அண்ணைக்கு இது பரீட்சை முடிவு மாதிரி ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு வரிசைப்படுத்தல் என்பதை விளக்கத் தேவையில்லை. வகுப்பிலே எத்தனையாம் பிள்ளை, மாவட்டத்திலே எத்தனையாம் இடம் என்று கேட்டே வளர்ந்த சனம். வேலிக்கு மேலால் தலையை நீட்டுவார்.

"தம்பி, எங்கடை தரவை எத்தனையாம் பிள்ளை?"

"இன்னும் புள்ளி போடேல்லை அண்ணை."

"ஆர் திருத்துறது?"

"நாலைஞ்சு நாட்டுக்காரர்."

"நேர்மையான ஆக்களோ?"

"நேர்மைதான் பிரச்சினை."

உண்மையில் அதுதான் பிரச்சினை. வேறெங்கும் காணப்படாத தனித்த இனங்கள் வாழ்கின்றனவா என்ற கேள்விக்குப் புள்ளி அதிகம். எங்கள் தரவையிலோ, முக்கியமானவர்கள் எல்லாரும் வெளிநாட்டிலிருந்து வந்து போகிறவர்கள். ஊர்த் திருவிழாவுக்கு ஆடி ஆவணியில் வரும் சொந்தக்காரர் போக, ஐப்பசியில் இந்தப் பறவைக் கூட்டம் வந்து இறங்கும். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. இரண்டுமே சொந்த ஊர் எது என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்லா. அந்தக் கேள்விக்கு எங்களுக்குப் பூச்சியம்.

மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை, 'உள்ளூர் மக்களின் குரல்' என்ற பகுதி. அந்த இடத்தைக் காப்பாற்ற அங்குள்ளவர்கள் உண்மையிலேயே விரும்புகிறார்களா என்பதற்கும் நிறையப் புள்ளி உண்டு. விரும்புகிறார்களா என்று என்னைக் கேட்டால்? வீடு வீடாகப் போனேன். ஆளுக்கொரு தாளில், தங்கள் பேச்சிலேயே எழுதித் தந்தார்கள். படமெடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். அங்கே குழுவின் இளம் ஆய்வாளர் ஒருவர் இருந்தார். தமிழ்ப் பெண், கெட்டிக்காரி. தமிழிலிருந்து ஆங்கிலமாக்குவது அவர் பொறுப்பு. தமிழரிடந்தானே கொடுத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தேன். என் வாழ்க்கையில் நிம்மதியாக இருந்த இடங்களிலெல்லாம் ஏதாவது நடந்திருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் பேராசிரியை என்னை விசேடமாகப் பாராட்டினார். கோப்பாய் மக்களின் கருத்துகளைப் படித்துத் தான் நெகிழ்ந்துபோனதாகச் சொன்னார். இணைப்பு விட்டு விட்டு வந்தது. அவர் பேச்சில் 'டேட்டா, டேட்டா' என்று காதில் விழுந்தது. அந்தக் குழுவில் யார் வாயைத் திறந்தாலும் அதுதான் விழும் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை. உங்கள் மக்கள் இதில் இவ்வளவு உறுதியாக இருப்பார்கள் என்று நினைக்கவில்லை என்றார்.

"தலைமுறை தலைமுறையாக அதை நம்பி வாழ்கிறவர்கள்," என்று உணர்ச்சியுடன் சொன்னேன். "அவர்களின் சம்மதம் இல்லாமல் அதில் யாரும் கைவைக்க முடியாது." மாட்டைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். அந்த இடத்தில் இணைப்பு அறுந்தது.

இரண்டொரு நாளில் கூட்டக் குறிப்பு வந்தது. கோப்பாய், மக்கள் ஆதரவு: பூச்சியம். கீழே ஒரு விளக்கம். உள்ளூர் மக்கள் எவரும் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் தங்களைப் பற்றிய தகவல்கள் அழிக்கப்படுமோ, மூடி மறைக்கப்படுமோ என்ற ஆழ்ந்த கவலையில் இருக்கிறார்கள். இதை உள்ளூர் நிபுணரும் உறுதிப்படுத்தினார். எனவே கருத்துகள் அனைத்தும் தகவல் அறவியல் உபகுழுவுக்கு அனுப்பப்படுகின்றன.

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு சென்னைக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, எங்கடை சனம் என்ன எழுதினது எண்டு ஒருக்கா வாசியுங்கோ."

"இருங்க சார். 'எங்கடை தரவை அழிக்காதேங்கோ.' எங்கள் டேட்டாவை அழிக்காதீர்கள். கரெக்ட்தானே சார்?"

"தரவை அழிக்காதேங்கோ."

"அதான் சார். தரவுன்னா டேட்டாதானே?"

"ஓம், தரவு எண்டால் அதுதான்."

"அப்ப தரவைன்னா?"

"தரவை எண்டால் தரவை."

"அதான் சார் நானும் போட்டிருக்கேன்."

இலக்கணப்படி அவர் பக்கம் ஒரு பிழையும் இல்லை. இரண்டாம் வேற்றுமை உருபு ஐ, தரவு, தரவை. எங்கள் ஊர்க்காரர் 'தரவையை அழிக்காதேங்கோ' என்று முழுதாக எழுதியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்போம். அந்த ஐயைப் பேச்சில் விழுங்குவது எங்கள் வழக்கம். கடலுக்கு அந்தப் பக்கம் அதை எதிர்பார்ப்பது அவர்கள் வழக்கம். ஒரு எழுத்தை மிச்சம்பிடித்து ஒரு வெளியைத் தொலைத்திருந்தோம்.

"சரி, 'மாடு போய்ப் படுக்கிறது தரவையிலைதானே' எண்டு ஒராள் எழுதினவர். அதை என்ன செய்தனீங்கள்?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"'கால்நடைகள் டேட்டாவில் படுத்துக் கிடக்கின்றன.' ஏதோ உங்க ஊர்ப் பேச்சு வழக்குன்னு நெனச்சேன் சார். டேட்டால நிறைய குப்பை இருக்குங்கறத அப்படிச் சொல்றீங்களோன்னு."

"'தரவை நிரவினால் கிணறு சவராகும்' எண்டதை?"

"அதுக்கு அடிக்குறிப்பே போட்டிருக்கேன் சார். கவித்துவமான எச்சரிக்கைன்னு."

கோபிக்க வேண்டும் என்றுதான் போன் எடுத்தேன். சிரிப்பு வந்துவிட்டது; அவருக்கு அழுகை வந்துவிட்டது. நான் உங்கள் பிழை இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர் தன் பிழைதான் என்று சொல்லச் சொல்ல, இரண்டு நாட்டுத் தமிழும் கொஞ்ச நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தன. கடைசியில், தானே எழுந்து நின்று குழுவில் திருத்தம் கேட்பதாகச் சொன்னார். கேட்டார். மூடிய புள்ளிகளைத் திறக்கலாம் என்று குழு பெருந்தன்மையுடன் இணங்கியது, ஒரு நிபந்தனையுடன்: இந்தத் தரவை என்பது எந்த வகை நிலம் என்று முதலில் சொல்ல வேண்டும்.

புல்வெளி நிபுணர் நான் அனுப்பிய மார்கழிப் படத்தைப் பார்த்துவிட்டு, இதில் தண்ணீர்தானே இருக்கிறது, இது என்னுடையது அல்ல என்றார். குளங்களுக்கான நிபுணர் பங்குனிப் படத்தைப் பார்த்தார். மாடு நிற்கிறதே, என்னுடையதல்ல. உவர்ச்சேற்று நிபுணருக்கு நியாயமான உரிமை இருந்தது. ஆனால் உமரிச் செடி போதாது என்றார், அவருடைய வரைவிலக்கணத்துக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமாம். ஆடிப் படத்தை நான் அனுப்பியிருக்கவே கூடாது. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒருமித்து, தரிசு என்ற பெட்டி ஒன்று இருக்கிறதே என்றார்கள். பல கண்டத்து அறிஞர்கள் பங்குனி தொடக்கம் மாசி வரை பாகப்பிரிவினை செய்து, ஒருவரும் ஏற்காத பிள்ளையாகத் தரவையை என் மடியில் திருப்பிக் கிடத்தினார்கள். பேராசிரியை மட்டும் மென்மையாக, அந்தச் சொல்லுக்கு உள்ளூர் மக்கள் தரும் வரைவிலக்கணத்தைக் கேட்டு அனுப்பும்படி சொன்னார்.

வேலிக்கு அருகே போனேன்.

"அண்ணை, தரவை எண்டால் என்ன?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உமக்குச் சுகமில்லையோ?"

"கொமிட்டி கேக்குது அண்ணை."

"தரவை எண்டால் தரவைதான். உதுக்கென்ன விளக்கம்? உம்மடை கொம்மா ஆரெண்டு கேட்டால் வரைவிலக்கணம் எழுதியே குடுப்பீர்?"

"அப்பிடி எழுத ஏலாது."

"அப்ப எழுதும், வெள்ளம் நிக்கிற இடம் எண்டு. அங்கை நிக்காட்டில் என்ரை கிணத்துக்குள்ளை நிக்கும் எண்டும் எழுதும். இவ்வளவு நாளும் உவங்கள் எத்தனையாம் பிள்ளை எண்டு சொல்லேல்லை, இப்ப பிள்ளை ஆர் எண்டு கேக்கிறாங்கள்."

அப்படியே எழுதினேன். ஆங்கிலத்தில் அது அவ்வளவு உறைப்பாக வரவில்லை. குழு அதைச் சுவாரசியமானது என்று குறிப்பெடுத்துக்கொண்டது. சுவாரசியமானது என்று அவர்கள் சொன்னால் ஒன்றும் நடக்காது என்பது அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. இதற்கிடையில், போன மாரியோடு நின்றிருந்த லொறிகள் மறுபடி வரத் தொடங்கின. மாரிக்கு முன்னம் முடித்துவிட அவர்களுக்கும் அவசரம். அவர்களுக்கு வரைவிலக்கணம் தேவைப்படவில்லை. அண்ணை வேலியில் எட்டிப் பார்ப்பதை நிறுத்தினார். அது பரிகாசத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. வெங்காயப் பாத்தி கட்டுகிற காலத்தில் மண்வெட்டியைத் தொடாமல், கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து லொறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

சென்னைக்காரிதான் ஒரு நாள் கூப்பிட்டார்.

"சார், ஒரே ஒரு வழி இருக்கு. எந்த வகைன்னு தீர்மானிக்க முடியாத இடத்துக்கெல்லாம் விதியில ஒரு தனிப் பட்டியல் இருக்கு. அதுல போட்டுட்டா, ஆய்வு முடியுற வரைக்கும் அந்த நிலத்துல எந்த மாற்றமும் செய்யக்கூடாதுன்னு குழு பரிந்துரைச்சாகணும்."

"நல்லதெல்லே. அந்தப் பட்டியலுக்கு என்ன பேர்?"

தயங்கினார்.

"தரவு போதாமை, சார்."

நான் போனை மேசையில் வைத்துவிட்டு முற்றத்தில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து, சரி என்றேன்.

கடிதம் வந்தது, பன்னாட்டு இலச்சினைகள் எல்லாம் போட்டு, தமிழ் மொழிபெயர்ப்புடன். அண்ணைதான் முதலில் வாங்கி வாசித்தார்.

"தரவு போதாமையோ? தரவை போதாது எண்டதைத்தான் எழுத்துப் பிழையோடை அடிச்சிருக்கிறாங்கள். போதாதுதான். மூலையை மூடிப்போட்டாங்கள் எல்லே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரவாயில்லை தம்பி. வடிவா விளங்கித்தான் எழுதியிருக்கிறாங்கள்."

நான் திருத்தவில்லை. அதிகாரியும் அதைத் திருத்தி வாசிக்க முயலவில்லை. இலச்சினைகளை எண்ணிப் பார்த்தார், திருப்தியடைந்தார், ஆய்வு முடியும்வரை என்ற வரிக்குக் கீழே சிவப்பில் கோடிட்டார். லொறிகள் நின்றன. வடக்கு மூலையில் கொட்டியதை அள்ளச் சொல்ல அந்தக் கடிதத்துக்கு அதிகாரம் இருக்கவில்லை. அது அப்படியே கிடக்கிறது. மாரி வந்தது. தரவை நிறைந்தது. அண்ணையின் வேலி மூலையில் வெள்ளம் கணுக்கால் அளவுக்கு ஏறி, கிணற்றுக் கட்டை எட்டாமல் இறங்கியது. தை பிறக்க ஒரு செம்பில் தண்ணீர் அள்ளி வந்து நீட்டினார். குடித்தேன்.

"எப்பிடி?"

"சாடையாச் சவர்."

"போன முறையோடை பார்த்தால்?"

"போன முறை துப்பினனான்."

"அப்ப வெங்காயம் நடலாம்," என்றார்.

எல்லாம் சரிவந்துவிட்டது என்று நினைத்தேன். முன்பே சொன்னேன், நான் நிம்மதியாக இருக்கும் இடங்களில் என்ன நடக்கும் என்று. சென்ற வாரம் பேராசிரியையிடமிருந்து மகிழ்ச்சி பொங்கும் மின்னஞ்சல் வந்தது. கோப்பாய் விடயத்தில் குழுவே வெட்கப்படுகிறதாம். இப்படியொரு இடத்தைப் பற்றிப் போதிய அறிவில்லாமல் இருப்பது தகாதாம். அதனால் முழுமையான ஆய்வுக்கு உடனடியாக ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஆய்வு விரைவில் முடிந்தால், தரவு போதாமைப் பட்டியலிலிருந்து நீக்கி, மற்ற இடங்களுடன் சேர்த்து முறைப்படி வரிசைப்படுத்திவிடலாம்.

வரிசைப்படுத்தினால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். தனித்த இனம் இல்லை, உமரி போதாது, ஆடியில் தரிசு. வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை ஆகிவிடும். கடைசி வாங்குப் பிள்ளைக்குக் கடிதம் கிடையாது. எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவரைக்கும் அவர்கள் எங்களைக் காப்பாற்றுவார்கள், தெரிந்துகொண்டால் விட்டுவிடுவார்கள்.

வேலியடியில் நின்று அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன். ஈரப் பாத்தியில் நின்றபடி கேட்டார். முகம் கொஞ்சம் இருண்டது.

"அப்ப உந்த ஆய்வு முடியக் கூடாது."

"முடிஞ்சால் லொறி வரும் அண்ணை."

"ஆர் செய்யிறது ஆய்வு? வெளியிலையிருந்து ஆக்கள் வருகினமோ?"

"இல்லை. உள்ளூர் நிபுணர்தான் பொறுப்பு. நான்."

"நீரோ," என்றார். குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கி எறிந்தார். முகம் தெளிந்திருந்தது. "அப்ப பயமில்லை."